செய்தவரா, செய்யப்பட்டவரா?

(1974ஆம் ஆண்டு பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பினரின் 50ஆம் ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன வாரம் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும். சாப்பாட்டுக்கு முந்தின நேரம். போரடிக்காம பேசுங்க" என்றார். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். பேசுகிறவன் சரியில்லை என்றால் அவன் 'போரிங்'. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நீங்கள் 'போர்டு'. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனால் ஒன்று குற்றவாளி, மற்றொன்று பாதிக்கப்பட்டவர். இரண்டையும் மாற்றிப் போட்டால் கேஸே தலைகீழாகிவிடும்.

இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் இந்த இரட்டைப் பிள்ளைகள்தான். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ஆங்கிலப் பெயரடைகள். வினையிலிருந்து பிறந்த பார்ட்டிசிபிள்கள். எதை எங்கே போடுவது? சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இதில் நான் செய்த ஒரு தவறால் ஒரு குடும்பம் எட்டு மாதம் கஷ்டப்பட்டது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1972. நம் இரண்டாம் வருஷ வகுப்பு. என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் நண்பன் (இங்கேதான் இருக்கிறான், பெயர் சொல்லமாட்டேன்) எழுந்து நின்று தைரியமாக, "சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் ஷேக்ஸ்பியர்" என்றான். நம் ஆங்கில சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்படியாப்பா, சந்தோஷம். அதை ஷேக்ஸ்பியர் சொன்னா நல்லா இருக்கும்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தவன், எட்டு வருஷம் கழித்து அதே குழியில் விழுவான் என்று யாருக்குத் தெரியும்?

1980. நான் ஒரு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் வேலை. ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால் டிராஃப்ட் எழுதுகிற வேலையெல்லாம் என் தலையில். சிமெண்டுக்கு பெர்மிட் வாங்கிக்கொண்டு அலைந்த காலம் அது. ஐப்பசி மழையில் எங்கள் குடோன் ஒழுகி, 120 மூட்டை சிமெண்ட் நனைந்து கல்லாகிவிட்டது. விசாரணை நடந்தது. ஸ்டோர் கீப்பருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். எட்டாவது வரை படித்தவர். கூரை ஷீட் உடைந்திருக்கிறது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். தார்ப்பாயும் கேட்டிருந்தார். இரண்டுமே வரவில்லை.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் தமிழிலேயே சொன்னார்: "ஸ்டோர் கீப்பர் பங்குன்னு பெரிசா ஒண்ணும் இல்லை. அதை நாம அலட்சியம் பண்ணிடலாம். அப்படியே எழுதிடுங்க." அன்று மாலைக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். காதில் 'அலட்சியம்' என்ற சொல் மட்டும் நின்றது. நான் எழுதினேன்: "தி பார்ட் பிளேய்டு பை தி ஸ்டோர் கீப்பர் வாஸ் நெக்லிஜென்ட்." எழுதியிருக்க வேண்டியது 'நெக்லிஜிபிள்'. டைப் ஆகி வந்தது, அதிகாரி மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், மேலிடத்துக்குப் போய்விட்டது.

மேலிடத்தில் இருந்தவர்களுக்கு ஸ்டோர் கீப்பரைத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது என் வாக்கியம் ஒன்றுதான். 'கவனமில்லாமல் நடந்துகொண்டார்' என்று விசாரணையே சொல்லிவிட்டதே! இன்கிரிமெண்ட் நிறுத்தம். சம்பளத்தில் மாதம் 60 ரூபாய் பிடித்தம். 480 ரூபாய் சம்பளக்காரர் அவர்.

ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். "சார், என்மேல தப்பு இல்லைன்னு பெரியவர் என்கிட்டயே சொன்னாரே. அப்புறம் ஏன் சார் பிடிக்கிறாங்க? இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." படித்தேன். என் சொல் என்னைப் பார்த்து நின்றது. அவரிடம், "பார்க்கிறேன், போங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. வேலை போய்விடுமோ என்ற பயம். அவர் திட்டவில்லை. "ஐயோ, நானும் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேனே" என்றார். திருத்தம் கேட்டு எழுதினோம். ஆனால் தவறான ஆர்டர் பத்து நாளில் வரும். அதைத் திருத்துகிற ஆர்டர் பத்து மேசை ஏறி இறங்கித்தான் வரும். எட்டு மாதம் ஆயிற்று.

திருத்த ஆர்டர் வந்த அன்று, அந்த மனிதர் ஒரு பொட்டலம் லட்டோடு என் மேசைக்கு வந்தார். "நீங்க முயற்சி எடுத்ததாலதான் சார் நடந்தது" என்றார். நண்பர்களே, அந்த லட்டை நான் வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மனசு கேட்காமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சாரைத் தேடி வந்தேன். வீட்டுத் திண்ணையில் தமிழ் ஐயாவும் உடன் இருந்தார். இருவரிடமும் எல்லாவற்றையும் கொட்டினேன். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ தமிழ்ல நினைச்சு இங்கிலீஷ்ல எழுதினே. அது தப்பில்லை. தமிழ் எங்கே கேள்வி கேட்காதோ, அங்கே இங்கிலீஷ் கேள்வி கேட்கும். நீ அந்த இடத்துல நிக்கலை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. தமிழ் ஐயா விளக்கினார். பெயரெச்சம் என்று பள்ளியில் படித்தோமே, 'படித்த' என்று ஒரு சொல். அதன்பின் என்ன பெயர் வேண்டுமானாலும் வரலாம். படித்த பையன். படித்த புத்தகம். படித்த பள்ளிக்கூடம். படித்த வருஷம். படித்த கண்ணாடி. படித்த படிப்பு. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறையும் நன்னூல் கணக்காகச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தியார் வகுத்து வைத்துவிட்டார். ஆறுக்கும் ஒரே 'படித்த'. பையன் படித்தான், புத்தகம் படிக்கப்பட்டது. ஆனால் சொல்லில் வித்தியாசம் கிடையாது. யார் செய்தது, எது செய்யப்பட்டது என்பதைப் பின்னால் வருகிற பெயரைப் பார்த்து நாமே புரிந்துகொள்கிறோம். தமிழ்ப் பெயரெச்சம் காலத்தைக் காட்டும். செய்ததா செய்யப்பட்டதா என்பதைப் பெரும்பாலும் நம் பொறுப்பில் விட்டுவிடும்.

ஆங்கிலம் அப்படி விடாது. அந்தச் சொல்லிலேயே காட்டு என்று கேட்கும். அதுதான் 'இங்', 'எட்' என்ற இரண்டு வால்கள். உணர்ச்சியைக் கொடுப்பது 'இங்', வாங்குவது 'எட்'. பாடம் இன்ட்ரஸ்டிங், மாணவன் இன்ட்ரஸ்டட். பயணம் டயரிங், பயணி டயர்டு. செய்தி ஷாக்கிங், கேட்டவர் ஷாக்டு. பொருளுக்கு 'இங்', மனிதருக்கு 'எட்' என்று சிலர் சொல்லித் தருவார்கள். அது பாதி உண்மை. மனிதரும் 'இங்' ஆகலாம். குழப்புகிற வாத்தியார் கன்ஃப்யூசிங். குழம்பிய மாணவன் கன்ஃப்யூஸ்டு. ஆகையால் மனிதரா பொருளா என்று பார்க்காதீர்கள். கொடுக்கிறதா, வாங்குகிறதா என்று பாருங்கள். வேலைக்கு மனுப்போடும் எத்தனையோ பிள்ளைகள், 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் போஸ்ட்' என்று எழுதி அனுப்புகிறார்கள். 'நான் சுவாரஸ்யமான ஆள்' என்று விண்ணப்பத்திலேயே சொல்லிக்கொள்கிறோம்!

அடுத்து, நெக்லிஜென்ட். அதைச் சார் விளக்கினார். இந்த 'என்ட்' என்ற வால் லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் அது 'செய்கிற' என்று பொருள் தரும் எச்சம். ஆகவே நெக்லிஜென்ட் என்றால் அலட்சியம் செய்கிற. 'இபிள்', 'ஏபிள்' என்று முடிந்தால் பெரும்பாலும் செய்யத்தக்க. நெக்லிஜிபிள் என்றால் அலட்சியம் செய்யத்தக்க, பொருட்படுத்த வேண்டாத. "உங்க அதிகாரி என்ன சொன்னார்? 'நாம அலட்சியம் பண்ணிடலாம்'னு சொன்னார். அலட்சியம் பண்ணப்போறது யாரு? நீங்க. நீ எழுதினது யாரை? அவரை" என்றார் சார். எனக்கு உடம்பு குன்றிப்போயிற்று.

அன்றிலிருந்து இந்த மாதிரி ஜோடி எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: செய்தவரா, செய்யப்பட்டவரா? முக்கால்வாசி இடத்தில் இந்தச் சாவி திறக்கும். கன்டெம்ப்சுவஸ் என்றால் பிறரை இகழ்கிறவன். கன்டெம்ப்டிபிள் என்றால் இகழத்தக்கவன். இமாஜினேட்டிவ் என்றால் கற்பனை வளம் உள்ளவன். இமாஜினரி என்றால் கற்பனையில் மட்டும் இருப்பது. 'மை இமாஜினரி டாட்டர்' என்று கெட்டிக்காரப் பெண்ணைப் பற்றி எழுதினால், அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று ஆகிவிடும். லீவு லெட்டரில் 'ரெஸ்பெக்டபிள் சார்' என்று எழுதாத மாணவன் உண்டா? ரெஸ்பெக்ட்ஃபுல் என்றால் மரியாதை கொடுக்கிறவன், அது மாணவன். ரெஸ்பெக்டட் என்றால் மரியாதை பெறுகிறவர்; அது சார். ரெஸ்பெக்டபிள் என்றால் கண்ணியமான என்று பொருள் உண்டு. 'பரவாயில்லை, ஓரளவுக்கு' என்ற பொருளும் உண்டு. நான் முதல் செமஸ்டரில் வாங்கிய 48 மார்க் ஒருவேளை ரெஸ்பெக்டபிள். சாரை அப்படிச் சொல்லக்கூடாது!

காலமும் இந்த வால்களில் ஒளிந்திருக்கும். 'பாய்லிங் வாட்டர்' கொதித்துக்கொண்டிருக்கிற தண்ணீர். 'பாய்ல்டு வாட்டர்' கொதிக்க வைத்த தண்ணீர், ஆறியும் இருக்கலாம். குழந்தைக்கு எதைக் கொடுக்கலாம் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோவில் போகும்போது ஒரு பள்ளி வாசலில் 'ரிடயரிங் ஹெட்மாஸ்டர்' என்று பேனர் பார்த்தேன். அன்றைக்கு அது சரி. மறுநாள் காலையில் அவர் 'ரிடயர்டு'. ரிடயரிங் என்பதற்குக் கூச்ச சுபாவம் உள்ளவர் என்றும் பொருள் உண்டு. அந்த ஹெட்மாஸ்டரைப் பற்றி எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ரிடயர்டு' என்றால் ஓய்வு பெற்றவர்; அவரே செய்த வினை. விழுந்த மரம், தப்பித்த கைதி எல்லாம் இதே வகை. செயப்படுபொருள் வேண்டாத வினையாக இருந்தால், அந்த இறந்தகால எச்சம் 'முடிந்துவிட்டது' என்பதை மட்டும் காட்டும். இன்னும் வேடிக்கை, 'வெல்-ரெட் மேன்' என்றால் நிறையப் படித்த மனிதர். அவரை யாரும் படிக்கவில்லை, அவர்தான் படித்தார். 'வெல்-ரெட் புக்' என்றால் பலரால் படிக்கப்பட்ட புத்தகம். பார்த்தீர்களா, இந்த ஒரு இடத்தில் ஆங்கிலமும் நம் 'படித்த' மாதிரியே நடந்துகொள்கிறது!

ஆபீசில் இருந்தவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். சொல் ஒன்றே, இடம் மாறினால் பொருள் மாறும். 'தி ஆஃபீசர் கன்சர்ன்டு' என்றால் சம்பந்தப்பட்ட அதிகாரி. 'தி கன்சர்ன்டு ஆஃபீசர்' என்றால் கவலையில் இருக்கிற அதிகாரி என்றுதான் ஆங்கிலேயர் படிப்பார். நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறோம்; நமக்குள் புரிந்துவிடுகிறது. ஆனால் 'ரெஸ்பான்சிபிள்' என்ற சொல்லில் ஜாக்கிரதையாக இருங்கள். முன்னால் வந்தால் அது பாராட்டு, பொறுப்பான ஆள். பின்னால் வந்தால் குற்றச்சாட்டாகவே ஆகிவிடலாம், 'இதற்குப் பொறுப்பாளி இவர்தான்'.

எல்லாப் பூட்டுக்கும் என் சாவி பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிலவற்றைப் பழகித்தான் ஆக வேண்டும். ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் நிற்கக்கூடிய, 1947 ஆகஸ்ட் 15 மாதிரி. ஹிஸ்டாரிக்கல் என்றால் வரலாறு சம்பந்தப்பட்ட, 1950 முதல் கல்கியில் தொடராக வந்த பொன்னியின் செல்வன் ஒரு ஹிஸ்டாரிக்கல் நாவல். எகனாமிக் என்றால் பொருளாதாரம் பற்றியது. எகனாமிக்கல் என்றால் சிக்கனமானது, என் மனைவியைப் போல. வெண்ணெய் உருகினால் மெல்டட். இரும்பு உருகினால் மோல்டன். டிஸ்இன்ட்ரஸ்டட் என்றால் சுயநலம் இல்லாத, நடுநிலையான. அன்இன்ட்ரஸ்டட் என்றால் அக்கறையே இல்லாத. நீதிபதி முதலாவதாக இருக்க வேண்டும், இரண்டாவதாக இருக்கக்கூடாது. இதிலும் ஒரு விசித்திரம்: 17ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றின் பொருளில் மற்றொன்று வழங்கியிருக்கின்றன. ஆங்கிலேயருக்கே இந்த இரட்டையரை அடையாளம் கண்டுபிடிக்க நாளாகியிருக்கிறது. ஆகையால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. நின்று பார்த்தால் போதும்.

என் பேரன் சொல்கிறான், "தாத்தா, இதெல்லாம் இப்ப யாரு யோசிக்கிறா? கம்ப்யூட்டரே திருத்திடும், செல்போன்ல சொன்னா அதுவே எழுதிக் கொடுத்திடும்" என்று. வாஸ்தவம். ஸ்பெல்லிங் தப்பினால் சிவப்புக் கோடு போடும். ஆனால் நான் எழுதிய 'நெக்லிஜென்ட்' என்பதில் ஸ்பெல்லிங் தப்பு இல்லையே! நல்ல ஆங்கிலச் சொல்தானே. இலக்கணம் கூட இடறவில்லை. இன்றைய இயந்திரம் என்னைவிட அழகாக ஒரு ரிப்போர்ட் எழுதும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் மூன்று முறை எழுதிக் கொடுத்தாரா இல்லையா, கூரை யாரால் ஒழுகியது என்பது குடோனுக்குப் போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கையெழுத்துப் போடுகிறவன் அந்தச் சொல்லில் ஒரு நிமிஷம் நின்றே ஆக வேண்டும்.

கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். 1993இல் அந்த ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் மாலை, சால்வை எல்லாம் ஆயிற்று. எல்லோரும் போன பிறகு அவரை சைக்கிள் ஸ்டாண்டு வரை நடத்திக் கூட்டிப்போய்ச் சொன்னேன். "அண்ணே, அந்த ரிப்போர்ட்டில் தப்பாக எழுதியது நான்தான். பதிமூணு வருஷமா சொல்ல தைரியம் வரலை." அவர் சைக்கிள் பூட்டைத் திறந்தபடியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பிடிச்ச பணம் திரும்பி வந்துடுச்சு சார். வீட்டுக்காரம்மா சங்கிலிதான், அடகு வச்சது மூழ்கிடுச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு, "இப்பவாவது சொன்னீங்களே. இனிமே பார்த்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

நான் 2011இல் ஓய்வு பெறும்வரை, ஒரு மனிதரைப் பற்றி எழுதும் எந்தப் பெயரடையையும் இரண்டு தடவை படிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டதில்லை. அவர் எனக்குக் கொடுத்த உத்தரவு அது.

முடிக்கும் முன் நம் சாரை நினைத்துக்கொள்கிறேன். அவர் இன்று நம்மிடையே இல்லை. அன்று திண்ணையிலிருந்து நான் கிளம்பும்போது அவர் கடைசியாக ஒன்று சொன்னார். 'ஸ்டூடென்ட்' என்ற சொல்லும் அதே 'என்ட்' வால் உள்ளதுதான். லத்தீனில் முயன்று படிக்கிற என்று பொருள், செய்கிறவன். 'அலும்னஸ்' என்பதும் லத்தீன்தான். ஊட்டி வளர்ப்பது என்ற வினையிலிருந்து வந்தது. வளர்க்கப்பட்ட பிள்ளை என்று பொருள். செய்யப்பட்டவன்.

இந்தக் கல்லூரிக்குள் இருந்த மூன்று வருஷமும் நாம்தான் எல்லாம் செய்கிறோம் என்று நினைத்தோம். நாம் படித்தோம், நாம் எழுதினோம், நாம் பாஸ் செய்தோம். வெளியே போன பிறகுதான் நமக்கு இவர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. முன்வரிசையில் இருக்கிற எங்கள் ஆசிரியர்களே, உங்கள் முன் நாங்கள் ஸ்டூடென்ட்டாக நுழைந்தோம், அலும்னியாக நிற்கிறோம். இந்த இரண்டு சொல்லையாவது நான் தப்பில்லாமல் எழுதிவிட்டேன் என்று நம்புகிறேன்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. நீங்கள் 'டயர்டு' ஆகியிருந்தால் நான் 'டயரிங்'. மன்னித்துவிடுங்கள்.